கோபாலகிருஷ்ண காந்தி: கண்டி ஆண்டுகளை ஒரு வரியில் கடந்துவிடலாமா?

கொழுந்துக்கூடை (கோத்தகிரி)

கோபாலகிருஷ்ண காந்தியைப் பற்றித் தமிழில் வரும் அறிமுகங்கள் எல்லாம் ஒரே வரிசையில் போகின்றன. மகாத்மாவின் பேரன், ராஜாஜியின் பேரன், தென்னாப்பிரிக்காவிலும் இலங்கையிலும் தூதர், மேற்கு வங்க ஆளுநர், 2017ல் குடியரசுத் துணைத் தலைவர் வேட்பாளர், பிறகு பேராசிரியர், எழுத்தாளர். நடுவில் எங்கோ "கண்டியில் சில ஆண்டுகள்" என்று ஒரு துண்டு வரும். பல இடங்களில் அதுவும் வராது.

நீலகிரியில் இருந்து படிக்கும்போது எனக்கு அந்தத் துண்டில்தான் கண் நிற்கிறது. 1970களின் இறுதியில், தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவரைக் கண்டியில் உள்ள இந்திய உதவி உயர் ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். 1980களின் தொடக்கம் வரை அங்கே இருந்தார். அந்த அலுவலகத்தின் அன்றைய தலையாய வேலை என்ன? 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, மலையகத் தமிழர்களின், அதாவது இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தமிழர்களின் மனுக்களைப் பார்த்து, இந்தியக் குடியுரிமை கொடுத்து, பாஸ்போர்ட் கொடுத்து, கப்பல் ஏற்றுவது. அப்படி ஏறியவர்களில் ஒரு பெரிய பங்கு நம் மலைக்கு வந்தது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று தேயிலை இருக்கும் இடமெல்லாம் அவர்கள் இருக்கிறார்கள். என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக்கூட.

அதோடு நிற்கவில்லை. அந்தத் தோட்ட மக்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். முதலில் 'சரணம்' என்று வந்தது, பிறகு 'ரெஃப்யூஜ்' என்ற தலைப்பில் மறுபதிப்பு. அவர் எழுதிய ஒரே நாவல் அதுதான். பின்னாளில் லண்டனும் பிரிட்டோரியாவும் ஆஸ்லோவும் பார்த்த மனிதர், நாவல் என்று எழுத உட்கார்ந்தபோது எடுத்துக்கொண்டது லயத்து மக்களை, தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்களை.

என் கருத்து இதுதான்: அவருடைய தூதர் வாழ்க்கை, ஆசிரியர் வாழ்க்கை, எழுத்து மூன்றையும் கண்டியில் இருந்து தொடங்கிப் படித்தால்தான் அந்த ஆள் பிடிபடுவார். தாத்தாக்களில் இருந்து தொடங்கினால் பிடிபடமாட்டார். இங்கே தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஓய்வாசிரியர்_குன்னூர்

நல்ல இழை அம்மா. புதிதாகப் படிப்பவர்களுக்காக அடிப்படை விவரங்களை வைத்துவிடுகிறேன்.

பிறப்பு 1945 ஏப்ரல் 22, டெல்லி. தந்தை தேவதாஸ் காந்தி, தாய் லட்சுமி. இருவரும் விரும்பியபோது இரண்டு தந்தையரும் ஐந்து ஆண்டுகள் பிரிந்திருந்து காத்திருக்கச் சொன்னார்கள், 1933ல்தான் திருமணம். நான்கு பிள்ளைகளில் இவர் கடைசி. அண்ணன் ராஜ்மோகன் வரலாற்று எழுத்தாளர், இன்னொரு அண்ணன் ராமச்சந்திரா தத்துவவாதி. மகாத்மா கொல்லப்பட்டபோது இவருக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. ராஜாஜி மறைந்தது 1972 டிசம்பரில், அப்போது இவருக்கு 27. ஆகவே தாத்தா என்று பேசிப் பழகி, கேட்டு வளர்ந்தது ராஜாஜியிடம்தான்.

செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் முதுகலை. 1968ல் ஐ.ஏ.எஸ். 1985 வரை தமிழ்நாட்டுப் பிரிவுப் பணி. கண்டி அதற்குள் வருவது. பிறகு ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் துணைத் தலைவராக இருந்தபோது அவருக்குச் செயலர், அவர் குடியரசுத் தலைவரானதும் அங்கே இணைச் செயலர். 1992ல் லண்டன் நேரு மையத்தின் முதல் இயக்குநர். 1996ல் தென்னாப்பிரிக்காவுக்கு உயர் ஆணையர், மண்டேலா அதிபராக இருந்த காலம். லெசோத்தோவும் அவர் பொறுப்பில் இருந்தது. அடுத்து குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனுக்குச் செயலர். 2000ல் இலங்கைக்கு உயர் ஆணையர். 2002ல் நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் தூதர். 2004 டிசம்பர் முதல் 2009 டிசம்பர் வரை மேற்கு வங்க ஆளுநர். 2011 இறுதியில் இருந்து 2014 வரை சென்னை கலாக்ஷேத்ரா அறக்கட்டளையின் தலைவர். பிறகு ஹரியானா சோனிபட்டில் அசோகா பல்கலைக்கழகத்தில் வரலாறும் அரசியலும் கற்பிக்கும் பேராசிரியர்.

ஒன்றைக் கவனியுங்கள். வெளியுறவுப் பணித் தேர்வு எழுதி வந்த தூதர் இல்லை இவர். மாவட்ட நிர்வாகத்தில் இருந்து போனவர். மனு, தாசில், பட்டா, ரேஷன் என்று பழகிய கை. கண்டியில் அந்தப் பழக்கம்தான் உதவியிருக்கும். வந்து நிற்பவர்கள் வெளிநாட்டுப் பிரமுகர்கள் இல்லையே, நம் ஊர்த் தாலுகா அலுவலக வாசலில் நிற்பவர்களைப் போன்ற எளிய மக்கள்.

பந்தலூர்_மழை

அக்கா, ஐயா, இருவருக்கும் வணக்கம். நான் மாறுபடுகிறேன், சற்றுக் கடுமையாகவே.

1964 அக்டோபர் 30. டெல்லியில் இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதி, 75,000 என்று பங்கு போட்டார்கள். பங்கு போடப்பட்ட மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்து வாக்குரிமையும் போனது. அந்தக் காயத்துக்கு மருந்து என்று சொல்லி ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள்.

அந்த எண்ணிக்கையை நிறைவேற்றிய இயந்திரத்தில் ஒரு பகுதிதான் கண்டி அலுவலகம். அங்கே உட்கார்ந்து கையெழுத்திட்டவர் நல்ல மனிதராக இருக்கலாம். நல்ல நாவலும் எழுதியிருக்கலாம். ஆனால் முத்திரை விழுந்தது எங்கள் ஆட்களின் தாளில். அனுபவம் அவர்களுடையது, நூலின் அட்டையில் பெயர் அவருடையது.

இன்னொன்று. ஒக்டாவியோ பாஸ் என்ற மெக்சிகோ கவிஞர் டெல்லியில் தூதராக இருந்தார். 1968ல் அவர் நாட்டு அரசு மாணவர்களைச் சுட்டுக் கொன்றது. பதவியே வேண்டாம் என்று விலகினார். பிறகு பல்கலைக்கழகங்களில் கற்பித்தார், எழுதினார், நோபல் வாங்கினார். தூதர் ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் மாறிய கதை என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. காந்தி விலகவில்லை.

சேரம்பாடிக்காரன்

மழை தம்பி சொல்றதுல இருக்க கோவம் எனக்கும் உண்டு. ஆனா நான் எங்க வீட்டுக் கதையச் சொல்றேன், அப்புறம் பேசுவோம்.

எங்க குடும்பம் 1980ல வந்துச்சு. மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டம். மனு போட்டது தாத்தா. அப்பாயிக்கு வர இஷ்டமே இல்ல. அவங்க பொறந்ததே அந்த லயத்துலதான், அவங்க அம்மா பொறந்ததும் அங்கதான். ஆனா 74ல தோட்டத்துல பட்டினி. மாவு இல்ல, அரிசி இல்ல, வேலையும் வாரத்துல பாதி நாள்தான். பக்கத்து லயத்துல சின்னப் பிள்ளைக செத்துச்சு. அதுக்கப்புறம் 77 ஆகஸ்ட் கலவரம். லயத்துல பாதி எரிஞ்சதப் பார்த்த ராத்திரியோட அப்பாயி வாயத் தெறக்கல, தாத்தா சொன்ன எடத்துல கைநாட்டு வச்சாங்க.

அதனால, "அனுப்பி வச்சாங்க"ன்னு மட்டும் சொன்னா எங்க வீட்டுக் கதைக்கு அது பத்தாது. "விரும்பி வந்தாங்க"ன்னு சொன்னா அது பொய். இருக்க முடியல, போக மனசில்ல, இதுக்கு நடுவுலதான் அந்த மனுவே இருந்துச்சு.

கண்டியில அதிகாரியா காந்தி பேரன் இருக்காராம்னு தோட்டத்துல பேச்சு இருந்துச்சுன்னு அப்பாயி சொல்வாங்க. 1927ல மகாத்மா இலங்கைக்கு வந்தப்ப தோட்டத்து சனங்க கதருக்குக் காசு சேர்த்துக் குடுத்தாங்க இல்லியா, அந்தப் பேரு அங்க வீடு வீடா இருந்துச்சு. காந்தி படம் இல்லாத லயம் இல்ல. ஆனா அப்பாயிக்கு முக்கியமாப் பட்டது வேற. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கவங்க தமிழ்ல பேசுறாங்களா, கேட்டத எழுதுறாங்களா, அவ்வளவுதான். தமிழ் தெரிஞ்ச ஒரு ஐ.ஏ.எஸ். அங்க இருந்தது சின்ன விஷயம் இல்ல தம்பி.

கோச்சி, அதான் ரயிலு, ஏறித் தலைமன்னார். கப்பல்ல ராமேஸ்வரம். மண்டபம் முகாம். கையில குடும்ப அட்டை, அதுல "வியாபாரக் கடன்"னு எழுதியிருந்துச்சு. கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் தெரிஞ்ச மனுசனுக்குக் கடை வைக்கக் கடன். புதுக்கோட்டைப் பக்கம் பூர்வீக ஊர்னு போய் நின்னா எங்கள அடையாளம் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்ல. கடன் பணத்துல பாதிய ஒரு புரோக்கர் சாப்பிட்டான். முன்னாடி வந்த சொந்தக்காரங்க எழுதுன கடுதாசியப் பார்த்துத்தான் கூடலூர் மலைக்கு வந்தோம். தெரிஞ்ச செடி இங்கதான இருக்கு.

அங்க கள்ளத்தோணின்னாங்க. இங்க சிலோன்காரன்னாங்க. நான் பள்ளிக்கூடத்துல அந்த ரெண்டாவது பேரக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

ஹட்டிமகள்

சேரம்பாடி அண்ணா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

நான் படகர் வீட்டுப் பெண். எங்கள் பக்கத்தில் இருந்தும் இதைச் சொல்ல வேண்டும். வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968ல் வனத்துறை தேயிலை நடத் தொடங்கியது, 1976ல் அது டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனமானது, தலைமையிடம் குன்னூர். காட்டை அழித்துத்தான் அந்தத் தேயிலை வந்தது. அது இந்த மலைக்கு நேர்ந்த இழப்பு. ஆனால் அந்த முடிவை எடுத்தது மண்டபத்தில் இறங்கிய குடும்பங்கள் இல்லை. எங்கள் ஹட்டியில், அதாவது படகர் ஊரில், பெரியவர்கள் சிலர் இன்றும் அவர்களை வெளியாட்கள் போலப் பேசுவதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஐம்பது வருடமாக நம் பச்சைத் தேயிலையைப் பறித்தது யார் கை?

மழை தம்பிக்கு ஒரு கேள்வி. பாஸ் விலகியது தன் அரசு செய்த கொலைக்காக. கண்டியில் ஓர் இளம் அதிகாரி விலகியிருந்தால் யாருக்கு என்ன நடந்திருக்கும்? ஒப்பந்தம் நின்றிருக்காது. வரிசை அப்படியே இருந்திருக்கும். அந்த நாற்காலியில் தமிழ் தெரியாத ஒருவர் வந்திருக்கலாம். விலகுவது எல்லா இடத்திலும் ஒரே எடை உள்ள செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

நூலகத்தட்டு (ஊட்டி)

எழுத்தாளர், பேராசிரியர் என்ற பக்கத்தை யாரும் இன்னும் தொடவில்லை. அதைப் பற்றி எழுதுகிறேன். நான் பல ஆண்டுகளாக இவருடைய நூல்களைத் தொடர்ந்து படிப்பவன்.

அவர் செய்தவற்றைப் பட்டியலாகப் பார்த்தால் சிதறிக் கிடப்பதுபோல் இருக்கும். லண்டனில் இருந்த காலத்தில் முகலாய இளவரசர் தாரா ஷுகோவைப் பற்றி ஆங்கிலக் கவிதை நாடகம். விக்ரம் சேத்தின் மிகப் பெரிய நாவல் 'எ சூட்டபிள் பாய்' இந்துஸ்தானியில் வந்தது இவர் மொழிபெயர்ப்பில். 2008ல் காந்தி எழுத்துகளின் பெருந்தொகுப்பு. 2015ல் திருக்குறளுக்கு ஆங்கில ஆக்கம். 2016ல் மரண தண்டனை ஒழிப்பைப் பற்றி ஒரு நூல். 2017ல் ராஜாஜி மகாத்மாவுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு. 2021லும் 2023லும் இரண்டு பெரிய தொகுதிகள், காந்தியின் சொந்தச் சொற்களைக் காலவரிசைப்படி கோத்து, அவரே தன் வாழ்க்கையைச் சொல்வதுபோல் அமைத்தவை.

இவற்றில் பெரும்பாலானவற்றில் அவர் தன் குரலைத் தாழ்த்தி இன்னொருவர் குரலை முன்னே வைக்கிறார். பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர், தொகுப்பாளர். கல்வித்துறையில் சிலர் இதை ஆய்வு என்று ஒப்புக்கொள்வதில்லை. கோட்பாடு எங்கே, வாதம் எங்கே என்பார்கள். எனக்கு இதுதான் ஆய்வாகப் படுகிறது. எந்தக் கடிதத்துக்குப் பின் எந்தக் கடிதம் வர வேண்டும், எதை விடலாம், எந்த இடத்தில் இரண்டு வரிக் குறிப்பு போதும் என்று முடிவு செய்வது ஆண்டுக்கணக்கான வாசிப்பைக் கேட்கும் வேலை. உ.வே.சா.வைக் கொண்டாடும் மொழிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இது தூதர் வேலையில் இருந்து வந்த பழக்கம் என்று நினைக்கிறேன். தூதர் தன் கருத்தைச் சொல்ல அனுப்பப்படுபவர் இல்லை. கேட்டதைச் சிதைக்காமல், சுருக்கமாக, ஊருக்கு எழுத வேண்டும். குறளில் தூது அதிகாரம் 69ஆவது. தூதனுக்கு வேண்டியவை என்று அந்த அதிகாரத்தின் முதல் குறள் அடுக்கும்போது அன்புடைமைதான் முதலில் வருகிறது. நல்ல குடியில் பிறந்திருப்பது அதற்கு அடுத்தபடி.

பந்தலூர்_மழை

> நல்ல குடியில் பிறந்திருப்பது அதற்கு அடுத்தபடி

அடுத்தபடியாக வந்தாலும் பட்டியலில் இருக்கிறதே. இந்தக் குடும்பப் பெயர் இல்லாத ஓர் அதிகாரிக்கு இத்தனை கதவுகள் திறந்திருக்குமா? கே.ஆர். நாராயணனை நினைத்துப் பாருங்கள். கோட்டயம் பக்கம் உழவூரில் ஓலைக் குடிசையில் பிறந்த தலித் பிள்ளை. பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்றவர். லண்டனில் ஹெரால்ட் லாஸ்கியிடம் படித்தார், 1949ல் வெளியுறவுப் பணிக்கு வந்தார், ரங்கூன் முதல் பெய்ஜிங் வரை போனார், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார், அமெரிக்காவில் தூதர் ஆனார், குடியரசுத் தலைவர் ஆனார். தூதரும் கல்வியாளருமான ஒருவரைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமென்றால் நான் அவரைத்தான் சொல்வேன். காந்தி அவரிடம் செயலராக இருந்தார் என்பது காந்திக்குக் கிடைத்த கௌரவம்.

அண்ணா, உங்கள் அப்பாயி கதையைப் படித்தேன். எங்கள் வீட்டிலும் அதே 74, அதே 77தான். எங்கள் தாத்தா ஹட்டன் பக்கம். அவர் இதைப் பற்றிக் கடைசிவரை பேசவே இல்லை. அதனால்தான் வேறொருவர் பேசும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

ஓய்வாசிரியர்_குன்னூர்

தம்பி, நாராயணனைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்கூட மாற்ற வேண்டியதில்லை. என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் அவர் கதையைச் சொல்லியிருக்கிறேன். குடும்பப் பெயர் கதவு திறந்தது என்பதும் உண்மை. திறந்த கதவுக்குள் போனவர் அங்கே என்ன செய்தார் என்பதுதான் மிச்சக் கேள்வி. அதற்கு மேற்கு வங்கத்தைப் பார்க்கலாம்.

2007 மார்ச் 14ல் நந்திகிராமில் நில எடுப்பை எதிர்த்தவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச்சூடு, 14 பேர் பலி. உடனே ஆளுநர் தன் வேதனையை வெளிப்படையான அறிக்கையாக வெளியிட்டார். ஆளுநர் மாளிகையில் இருந்து மாநில அரசு செய்ததைப் பற்றி அப்படி ஒரு குரல் வருவது அரிது. ஆளும் இடதுசாரிகள் எல்லை மீறிவிட்டார் என்று கோபித்தார்கள். 2008ல் டாட்டா கார் ஆலைக்காக எழுந்த சிங்கூர் நிலப் பிரச்சினைக்கு அரசையும் எதிர்த்துப் போராடிய மம்தா பானர்ஜியையும் ஆளுநர் மாளிகையில் உட்காரவைத்து ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். அது நிலைக்கவில்லை, அக்டோபரில் அந்த ஆலை குஜராத்துக்குப் போனது. அதே ஆண்டு கோடையில் மாநிலமே மின்வெட்டில் தவித்தபோது, ஆளுநர் மாளிகையிலும் தினமும் இரண்டு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். அதையும் விளம்பரம் என்றார்கள்.

இதில் எனக்குக் குறையாகத் தெரிவது ஒன்று உண்டு. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைப் பற்றி ஆளுநர் பொதுவெளியில் அறிக்கை விடுவது, காரணம் எவ்வளவு நியாயமானாலும், பிறகு வருபவர்களுக்கு ஒரு வழி காட்டிவிடுகிறது. இன்று ஆளுநர்களால் தமிழ்நாடு படும் பாட்டைப் பார்க்கும்போது இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி சுடப்பட்டவர்களுக்காக. அதிகாரத்தைக் கூட்டிக்கொள்வதற்காக இல்லை.

ஹட்டிமகள்

அதே இடதுசாரிகள் 2017ல் அவருக்கு வாக்களித்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. 516க்கு 244 என்று வெங்கய்ய நாயுடுவிடம் தோற்றார்.

நூலகத்தட்டு (ஊட்டி)

அந்தத் தேர்தலில் அவருக்கு எதிராக எடுக்கப்பட்ட பெரிய ஆயுதம், 2015ல் யாகூப் மேமனின் உயிரைக் காக்கச் சொல்லிக் குடியரசுத் தலைவருக்கு எழுதிய கடிதம். மும்பை குண்டுவெடிப்புக் குற்றவாளிக்காகப் பேசியவர் என்றார்கள். அவர் பின்வாங்கவில்லை. மரண தண்டனை எவருக்கும் கூடாது என்பதே தன் நிலை என்று நின்றார். அடுத்த ஆண்டு நூலாகவே எழுதியவர் ஆயிற்றே. வாக்கு கேட்கும் நேரத்தில் வாக்கு இழக்கவைக்கும் கருத்தைக் கைவிடாமல் இருப்பது நம் அரசியலில் எத்தனை பேரால் முடியும்?

மழை, உங்கள் பாஸ் ஒப்பீட்டுக்கு இது என் பதில். விலகுவது ஒரு வழி. பதவியை விரும்பி நிற்கும் நேரத்திலும் பேச வேண்டியதைப் பேசுவது இன்னொரு வழி.

கொழுந்துக்கூடை (கோத்தகிரி)

இழை நான் நினைத்ததைவிட ஆழமாகப் போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

மழை தம்பி சொன்ன ஒன்றை நான் தள்ளிவிட மாட்டேன். அனுபவம் அவர்களுடையது, நூலின் அட்டையில் பெயர் அதிகாரியுடையது. இது நியாயமான வலி. மலையக மக்களே எழுதிய கதைகளும் கவிதைகளும் இருக்கின்றன, அவற்றைத்தான் முதலில் படிக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் ஏராளம். பதினைந்து ஆண்டுகளில் முடியும் என்று போட்ட ஒப்பந்தம் இழுத்துக்கொண்டே போனது, அலுவலர்கள் மாறி மாறி வந்தார்கள், நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தக் கரைக்கு வந்தார்கள். 1984 வாக்கில் கப்பலே நின்றுபோனது. அத்தனை அலுவலர்களில் எதிரே நின்றவர்களைக் கோப்பு எண்ணாகப் பார்க்காமல் ஒரு நாவல் முழுக்க வாழவைத்தவர் என்று எனக்குத் தெரிந்து இவர்தான். அந்த நாவல் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருவரிடம் இருந்து கிடைத்தது. அதைப் படித்த பிறகுதான் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் போய் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினேன். அதுவரை "சிலோன்காரப் பாட்டி" என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

இன்னொரு தொடர்ச்சியையும் சொல்ல வேண்டும். 2000ல் அவர் உயர் ஆணையராகக் கொழும்புக்குத் திரும்பினார். சின்ன அதிகாரியாக இருந்த நாட்டுக்குப் பெரிய அதிகாரியாக. 2002 பிப்ரவரியில் நார்வே நடுநிலையில் போர்நிறுத்தம் வந்தது. அந்த ஆண்டே அவரை நார்வேக்குத் தூதராக அனுப்பினார்கள். 2003ல் இலங்கை நாடாளுமன்றம் மிச்சமிருந்த நாடற்ற மலையக மக்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1948ல் தொடங்கியதற்கு 55 ஆண்டுகள் கழித்து. அதற்காகப் போராடியவர்கள் மலையக மக்களும் அவர்களின் தலைவர்களும்தான், அந்தப் பெருமையை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. ஆனால் இந்தப் பிரச்சினை இரண்டு நாட்டுக்கும் நடுவில் எப்படி இழுபட்டது என்பதைத் தரையில் இருந்தும் மேலே இருந்தும் பார்த்த இந்திய அதிகாரி வேறு யார் என்று யோசித்துப் பாருங்கள். அவரிடம் படிக்கும் மாணவர்களுக்கு இது பாடமாகக் கிடைக்கிறது என்றால் சோனிபட் வகுப்பறையில் சேரம்பாடியின் கதையும் இருக்கிறது.

பந்தலூர்_மழை

அக்கா, "மேசைக்கு அந்தப் பக்கம்" பற்றி நீங்கள் எழுதியதை ஏற்கிறேன். நாவலைப் படித்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். பிரதி கிடைக்குமா? இப்போது அச்சில் இருப்பதாகத் தெரியவில்லை, பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பார்த்தேன்.

ஆனால் என் நிபந்தனை ஒன்று. அந்த நாவலைப் பேசும் அதே கூட்டத்தில் நம் குடும்பங்களின் தாள்களையும் பேச வேண்டும். குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட், தோட்டத்துச் சேமலாப நிதிச் சீட்டு, மண்டபத்தில் கொடுத்த துண்டுச் சீட்டு, எதுவானாலும். இன்னும் பத்து வருடம் விட்டால் இந்த மலை ஈரத்தில் ஒன்றும் மிஞ்சாது. எங்கள் வீட்டு அட்டையில் தாத்தா பெயரே பூஞ்சை பிடித்துவிட்டது.

கொழுந்துக்கூடை (கோத்தகிரி)

நல்ல யோசனை தம்பி. என்னிடம் உள்ள பிரதியைக் கொண்டுவருகிறேன். தாள்களை ஸ்கேன் செய்ய நூலகத்தட்டு அண்ணன் உதவுவார் என்று நம்புகிறேன். யாரும் அசலைத் தபாலில் அனுப்ப வேண்டாம், கையோடு கொண்டுவந்து கையோடு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு தாளோடும் அதை வைத்திருந்தவர் சொல்லும் கதையையும் எழுதிக்கொள்வோம், அவர்கள் சொல்லும் சொற்களிலேயே.

நூலகத்தட்டு (ஊட்டி)

ஸ்கேனர் என் பொறுப்பு. பூஞ்சை பிடித்த தாளை வெயிலில் காயவைக்காதீர்கள், துணியால் துடைக்கவும் வேண்டாம். இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து அப்படியே கொண்டுவாருங்கள்.

சேரம்பாடிக்காரன்

ஊட்டின்னா எல்லாருக்கும் நடுவுல, அங்கயே வச்சுக்கலாம். ஞாயித்துக்கெழமையா இருந்தாத்தான் தோட்டத்துல வேலை செய்றவங்க வர முடியும், அதப் பார்த்து தேதி வைங்க அக்கா. எங்க லைன்ல இன்னும் மூணு வீட்டுல அட்டை இருக்கு, நான் பேசிக் கூட்டிட்டு வர்றேன். அப்பாயியும் வர்றேன்னு சொல்லிட்டாங்க. பஸ்ஸுல அவ்வளவு தூரம் ஒக்கார முடியாது, யார்கிட்டயாவது ஜீப் இருந்தா சொல்லுங்க.